எம் பேரைச் சொல்லு

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அப்பாவின் இருமல் இந்தக் குளிருக்குக் கூடியிருக்குமே. கடிதம் போட்டு வெகுநாள் ஆயிற்று. திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

வாடகைக்குப் போய்த் திரும்பும் ஒலிபெருக்கிகளைச் சோதித்து வைப்பது எங்கள் கடையில் என் வேலை. குரலும் கம்பிச் சத்தமும் சேர்ந்து வந்தால்தான் எந்தப் பெட்டியில் கரகரப்பு என்று பிடிபடும். அதற்கு நான் எப்போதும் போடுவது அப்பாவின் டேப்பைத்தான். நான் பள்ளி முடித்த வருஷம் டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி வந்து, சரக்குக் கொட்டகையில் அவரைத் தகரப்பெட்டியோடு உட்காரவைத்துப் பாட்டைப் பதிந்தேனே, அது. போன வாரம் மைக் கேட்டு வந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "யாருங்க இது?" என்றார். இசை மன்றம் நடத்துகிறவராம். மறுபடி போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. கேசட்டாகக் கொண்டுவரலாமா என்கிறார். அப்பாவைப் பற்றி நாலு வரி கேட்டார், எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அப்பாவிடம் இப்போது சொல்லாதே. நடக்காமல் போனால் மனசு விட்டுப்போவார்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 21

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். இடுப்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, வலியும் அப்படியே. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

சொல்லாதே என்று எழுதியிருந்தாய். நான் கடிதத்தைப் பிரிக்கும்போது அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். "என்னடி தனியாச் சிரிக்கிற?" என்றார். நான் என்ன கல்லா? முழுவதையும் படித்துக் காட்டிவிட்டேன்.

நீ பார்த்திருக்க வேண்டும். வேலையை விட்டதிலிருந்து அந்தத் தகரப்பெட்டியை அவர் அலமாரி மேலிருந்து இறக்கியதே இல்லை. உடனே இறக்கச் சொன்னார். எண்ணெய் டின்னை வெட்டி, மூட்டை கட்டும் கம்பியில் இரண்டை இழுத்துக் கட்டி அவரே செய்த பெட்டி அல்லவா? தூசி தட்டி மடியில் வைத்துக்கொண்டு, என்னவோ பேரப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். மேஸ்திரியின் விசிலுக்கு நகராத மூட்டை தூக்குகிறவர்களின் கால்கள் எல்லாம் அப்பாவின் தகரத்துக்கு நகர்ந்த காலத்தைப் பற்றி அன்று முழுக்க ஒரே பேச்சு. பிறகு பெல்ட் இயந்திரம் வந்தது, மூட்டை தானாக ஏறியது. தானாக ஏறுகிற மூட்டைக்குப் பாட்டு எதற்கு?

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பாட்டு மட்டும் அங்க போனாப் போதாது. நானும் போகணும். எம் பாட்டைக் கேட்டவன் எல்லாம் முதுகுல பாரத்தோட கேட்டவன். சும்மா உக்காந்து, காதை மட்டும் குடுத்துக் கேக்குறவனை நான் பாத்ததே இல்ல. ஒரு தடவை பாத்துடணும். எப்பக் கூப்பிடுறாங்கன்னு கேளு."

கேட்டு எழுது.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும்.

கேசட் வந்துவிட்டது! கடைகளில் நிற்கவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் பேருந்தில் தாளம் தட்டிக்கொண்டு பாடுகிறார்கள்:

யாரு வீட்டு மூட்டையிது, ஏறிப் பாத்துச் சொல்லு,
யாரு சுமந்தான்னு கேட்டா எம் பேரைச் சொல்லு.

இரண்டாவது அடிக்கு முன்னால் அப்பா இருமுவாரே, கொட்டகைத் தூசிக்கு? அதையும் சேர்த்தே பாடுகிறார்கள். அந்த இருமலில் உழைப்பாளியின் வலி முழுக்க இருக்கிறதாம். ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தது. வெளியீட்டு விழாவில் என்னை மேடையில் உட்காரவைத்தார்கள் அக்கா. எத்தனையோ மேடைக்கு ஸ்பீக்கர் தூக்கியிருக்கிறேன், ஏறி உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

இத்துடன் ஒரு கேசட் அனுப்பியிருக்கிறேன். அப்பாவின் பெட்டியை இங்கே அனுப்பிவை. கம்பி துருப்பிடித்திருக்கும், மாற்றித் தருகிறேன். அவர் வருவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். இப்போது இங்கே வெயில் அதிகம், தாங்கமாட்டார்.

தம்பி


மே 2

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தைப் பார்த்து அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

பெட்டியை என் பழைய போர்வையில் சுற்றித் தைத்து அனுப்பியிருக்கிறேன். அப்பா பக்கத்தில் நின்று, இங்கே ஒரு தையல் போடு, அங்கே ஒரு தையல் போடு என்று என் உயிரை எடுத்துவிட்டார். பெட்டி இல்லாமல் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. சாப்பிடும் தட்டைக் கவிழ்த்து வைத்து அதில் வாசிக்கிறார். விடிந்தால் போதும், டங் டங் என்று. பக்கத்து வீட்டுக்காரி, "என்ன, பாத்திரக்கடை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டாள்.

கேசட் வந்தது. ஆனால் மேலே சுற்றும் அட்டை இல்லையே? வெறும் பிளாஸ்டிக் டப்பாதான் இருக்கிறது. அப்பா திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். தன்னைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்கிறார். அட்டையை அனுப்பு.

தையல் கடைக்குப் பள்ளிச் சீருடை தைத்த நேரம் போக அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்திருக்கிறேன். மேடைக்கு. தேதி எப்போது?

அக்கா


ஜூன் 19

தம்பிக்கு,

நலமா? நலமாக இருந்தால் ஒரு வரி எழுதக் கை வராதா?

பெட்டி வந்து சேர்ந்ததா? அட்டை எங்கே? தேதி எங்கே? தபால்காரரைப் பார்த்தாலே அப்பா எழுந்துவிடுகிறார். அந்த மனிதர் இப்போதெல்லாம் எதிர்ப்பக்கமாகவே போகிறார்.

அக்கா


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

கோபிக்காதே. வேலை தலைக்கு மேலே. பெட்டி பத்திரமாக இருக்கிறது. மன்றத்து அரங்கில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், பார்க்கத் தினமும் ஆட்கள் வருகிறார்கள். அட்டை அச்சில் தீர்ந்துபோயிற்றாம். தேதி விஷயம் பேசிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு இருமல் மருந்து வாங்கிக் கொடு.

அவசரத்தில்,
தம்பி


ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

நலம் விசாரிக்க இன்று எனக்கு மனசில்லை.

நேற்று ஒரு பெண் வந்தாள். கல்லூரியில் பாடம் நடத்துகிறாளாம். தோளில் கேமரா. சரக்குக் கொட்டகைப் பக்கம் 'தகரக்காரர் வீடு' என்று கேட்டுக் கேட்டே வந்திருக்கிறாள். நான் தையல் மெஷினில் இருந்தேன். அப்பா ஜன்னலோரம் தன் நாற்காலியில். பட்டணத்துப் பெண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது, தேதி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று. "வாங்கம்மா, வாங்க" என்று எழுந்தார்.

அவள் பையிலிருந்து கேசட்டை எடுத்தாள். அட்டையோடு. "ஐயா இருக்கும்போதே வந்திருக்கணும். எங்களுக்குக் குடுத்துவைக்கல" என்றாள். நான் வாங்கிப் படித்தேன். 'மறைந்த பாட்டுக்காரர் தகரம் அவர்களின் நினைவாக' என்று, கொட்டகையில் கூப்பிடும் பேரிலேயே பெரிதாகப் போட்டிருக்கிறது. அடியில், 'உதவி: அவருடைய மகன்'.

நான் வாயைத் திறந்தேன். அப்பா கையைக் காட்டி அடக்கிவிட்டார். அவள் அவரைப் பார்த்து, "நீங்க ஐயாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"தம்பி" என்றார் அப்பா.

கேள், இன்னும் இருக்கிறது. "ஐயா உக்காருற இடம் எதுங்க?" என்றாள். இந்த நாற்காலிதான் என்றார். "கொஞ்சம் எழுந்து நிக்கிறீங்களா? காலி நாற்காலியா எடுத்தாத்தான் மனசைத் தொடும்" என்றாள். எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் நாற்காலியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று படம் எடுத்தாள். அப்போது அவருக்கு இருமல் வந்துவிட்டது. சட்டென்று கேமராவை இறக்கிவிட்டுத் திரும்பினாள். கண்டுபிடித்துவிட்டாள் என்றே நினைத்தேன். "அட, கேசட்ல வர்ற இருமல் மாதிரியே இருக்கே! குடும்பத்துலயே இருக்கா?" என்றாள்.

"ஆமாம்மா. அண்ணனுக்குத்தான் நல்லா வரும். எனக்குச் சுமார்தான்" என்றார் நம் அப்பா.

அவள் போன பிறகு நான் கத்தினேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவன் அங்க நாலு பேர் முன்னாடி சொல்லிட்டான்போல இருக்கு. நான் இருக்கேன்னு இங்க சொன்னா, அவன் மூஞ்சியைக் கொண்டுபோய் எங்க வச்சுக்குவான்?" என்றார். இரவு சாப்பிடவில்லை. தட்டைக் கவிழ்த்தும் வைக்கவில்லை.

இதற்கு எனக்குப் பதில் வேண்டும். பூசி மெழுகாமல் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

நான் வேண்டுமென்று செய்யவில்லை. நம்பு.

நான் எழுதிக் கொடுத்தது 'மறைந்துபோன பாட்டுக்காரர்' என்றுதான். ஊர் கண்ணிலிருந்து மறைந்துபோனவர் என்ற அர்த்தத்தில். எழுதும்போது எனக்கே அந்தச் சொல் பிடித்திருந்தது. அட்டையில் இடம் போதவில்லை என்று அச்சுக்காரர்கள் 'போன'வை எடுத்துவிட்டார்கள். 'மறைந்த' என்றாகிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

எனக்கே விழாவில்தான் தெரியும். மேடையில் ஏற்றி உட்காரவைத்தார்கள். மன்றத்துக்காரர் மைக்கைப் பிடித்து, மறைந்த கலைஞருக்கு ஒரு நிமிடம் மௌனம் என்றார். அத்தனை கூட்டமும் எழுந்து நின்றது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் நான் என்ன சொல்வேன்? "உட்காருங்கள், இருக்கிறார்" என்றா? அடுத்த நாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் பத்திரிகையில் வந்துவிட்டது. அதற்கடுத்த நாள் இன்னும் கஷ்டமாகிவிட்டது.

ஒன்று மட்டும் யோசித்துப் பார். அதனால்தானே இத்தனை பேர் கேட்டார்கள்? இருக்கிற மனிதரின் பாட்டை அந்தக் கொட்டகையிலேயே யார் கேட்டார்கள்?

அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

தம்பி


செப்டம்பர் 3

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பக்குவம் எல்லாம் எனக்கு வராது.

அப்பா விரலை மடக்கி எண்ணினார். பிறகு, "ரெண்டு எழுத்துதானேடி? 'போன'ன்னு ரெண்டே எழுத்து. பரவால்ல விடு" என்றார். அவர் விட்டுவிட்டார். நான் விடவில்லை. கொட்டகையில் யார் கேட்டார்கள் என்று கேட்கிறாய். உன் சாப்பாடும் படிப்பும் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே தூக்கிய மூட்டையில்தான் வந்தது.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். கூட்டம் எழுந்து நின்றது என்றாய். நீயும் எழுந்து நின்றாயா?

அக்கா


அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மழைக்காலம், அப்பாவை ஜன்னலோரம் உட்காரவிடாதே.

ஒரு நல்ல சேதி. உங்கள் வீட்டுக்கு வந்த பெண் மன்றத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள், பெரியவருக்கு ஒரு தம்பி இருக்கிறார், குரலும் அதே ஜாடை என்று. நவம்பர் கடைசியில் நடக்கும் நினைவு நிகழ்ச்சிக்கு அவரைக் கூப்பிடச் சொல்கிறார்கள். பாடச் சொல்கிறார்கள் அக்கா! அப்பா ஆசைப்பட்டது இதுதானே? பெரிய அரங்கு, நிறைய நாற்காலி, எல்லோரும் காதை மட்டும் கொடுத்து உட்கார்ந்து கேட்பார்கள். சித்தப்பாவாக வரட்டும். யாருக்கும் தெரியப்போவதில்லை, யாருக்கும் நஷ்டமில்லை. பாடுவது அவர்தானே?

பயணச்சீட்டு இத்துடன் இருக்கிறது. அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு அனுப்பு.

தம்பி


நவம்பர் 14

தம்பிக்கு,

நான் கேட்டதற்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன்.

போகாதீர்கள் என்று அப்பாவிடம் சண்டை போட்டேன். சீட்டைக் கிழிக்கப் போனேன். பிடுங்கிக்கொண்டார். "யாரா இருந்தா என்னடி? வாய் என்னுதுதானே?" என்கிறார். சட்டையை இரண்டு தடவை தேய்க்கச் சொல்லிவிட்டார். எனக்குக் கடையில் விடுப்பு இல்லை. தனியாகத்தான் வருகிறார். அவரைக் கீழே உட்காரவைக்காதே, முழங்கால் மடங்காது.

அக்கா


டிசம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

எழுதுவது அக்கா, சொல்வது அப்பா. ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்று உத்தரவு. இனி அவர்:

தம்பி, நல்லா இருக்கியா? நான் வீடு வந்து சேந்துட்டேன். விடியக்காலையில உங்கிட்டச் சொல்லிக்காம பஸ் ஏறிட்டேன், கோவிச்சுக்காத. நீ அசந்து தூங்கிக்கிட்டு இருந்த. எழுப்ப மனசு வரல.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதச் சொல்லல. அங்க நடந்ததுல பாதி நீ பாத்திருக்கமாட்ட, அதான் சொல்றேன். மேடைக்குப் பின்னாடி எம் பெட்டியைக் கண்ணாடிக்குள்ள பாத்தேன். கம்பி அதே பழைய துருதான். தெறந்து குடுங்கன்னு கேட்டேன். அங்க நின்ன பையன், "அண்ணனோட பொருளுங்க, யாரும் தொடக் கூடாது. உங்களுக்குப் புதுசு ஒண்ணு செஞ்சு வச்சிருக்கோம்"னான். பளபளன்னு ஒரு டின்னைக் குடுத்தான். அதுல சத்தம் வருது, பேச்சு வரல.

மேடையில அந்தப் பொண்ணு எடுத்த படத்தைப் பெருசா மாட்டியிருந்தாங்க. என் நாற்காலி. அதுக்குக் கீழதான் நான் உக்காந்தேன். அப்புறம் ஒரு நிமிஷம் எல்லாரும் எந்திரிங்கன்னாங்க. நானும் எந்திரிச்சேன், என்ன பண்றது? எனக்காக நானே நின்னேன். நீ எம் பக்கத்துல நின்ன. உங்க அக்கா ஒண்ணு கேட்டாளே, நீ பதில் போடல. பரவால்ல, நான் பாத்துட்டு வந்து சொல்லிட்டேன். நல்லாத்தான் நிக்கிற, தலையைக் குனிஞ்சு, அசையாம. பழகின கால்.

பாடினேன். காதை மட்டும் குடுத்துக் கேக்குறவங்களைப் பாத்தாச்சு. ஆனா அவங்க என்னைக் கேக்கல. எனக்குப் பின்னாடி இன்னொருத்தர் பாடுற மாதிரி, எட்டி எட்டி அவரைக் கேட்டாங்க. இருமல் வேற வந்துச்சு, சரியா ரெண்டாவது அடிக்கு முன்னாடி. முன்வரிசையில ஒருத்தர் சிரிச்சாரு, அண்ணனைப் பாத்துக் காப்பியடிச்சு இருமுறாரேன்னு. எம் பேரைச் சொல்லுன்னு நான் பாடினதும் கூட்டம் மொத்தமும் "தகரம், தகரம்"னு கத்துச்சு. எல்லாக் கையும் அந்த நாற்காலியைத்தான் காட்டுச்சு. ஒரு நிமிஷம் நானும் திரும்பிப் பாத்துட்டேன்.

நான் முடிச்சதும் டேப்பைப் போட்டாங்க. கைத்தட்டல்னா அதுதான் கைத்தட்டல். படியிறங்கும்போது மன்றத்துக்காரர் என் தோளைத் தட்டினார். "நல்லா முயற்சி பண்ணீங்க. அண்ணன் அளவுக்கு வருமா? அவர் ஒரு பிறவி" அப்படின்னார். நீ பக்கத்துல நின்ன. "ஆமாங்க"ன்ன.

உன்னைத் தப்பு சொல்லல. நீ சொன்னதும் சரிதான். நானும் அந்த டேப்பைக் கேட்டேனே. டேப்புல பாடுறவர் நெஞ்சுல காத்து இருக்கு, பயமில்லாம பாடுறார், அவர் மகன் எதிர்ல உக்காந்து டேப் ரெக்கார்டரைப் புடிச்சுக்கிட்டு இருக்கான். அவர் செத்துத்தான் போயிட்டார். எனக்கே அங்க வந்தப்புறம்தான் தெரிஞ்சது.

அவர் பெட்டியைப் பத்திரமா வச்சுக்க. அவரைத் தேடி இனிமே இந்த விலாசத்துக்கு யாரையும் அனுப்பாத, இங்க அப்படி யாரும் இல்ல. வெள்ளைச் சட்டையை உங்க அக்கா பிரிச்சு, யாரோ பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தைச்சுட்டா. இருமல் பரவால்ல. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் சித்தப்பா